அடிக்கடி காயம்படும் ஆட்டக்காரரை லோனில் எடுக்கலாமா? டெல்டா கிளப்களில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் எந்தக் கால்பந்து கிளப்பில் செயலாளராகவோ மேனேஜராகவோ பொறுப்பேற்றாலும் முதல் வருஷமே இந்தக் கேள்வி உங்களிடம் வந்துவிடும். பொங்கல் டோர்னமெண்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது யாராவது போன் செய்து, "அண்ணே, திருச்சியில ஒரு ஸ்ட்ரைக்கர் இருக்கான், நல்ல டீம்ல ஆடுனவன், முட்டியில கொஞ்சம் பிரச்சினை இருந்துச்சு, இப்ப சரியாயிடுச்சு, அவன் கிளப்புக்கு இப்ப மேட்ச் இல்ல, ரெண்டு மாசத்துக்கு அனுப்புறேங்கிறாங்க" என்பார். கமிட்டியில் பாதிப் பேர் உடனே எடுக்கச் சொல்வார்கள், மீதிப் பேர் உடைந்த ஆளுக்கு எதுக்குக் காசு என்பார்கள். இரண்டு தரப்புமே பையனின் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசும், அவன் காலைப் பற்றி யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

லோன் என்றால் இன்னொரு கிளப்பின் ஆட்டக்காரரைக் கொஞ்ச காலத்துக்கு இரவல் வாங்குவது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காயம்பட்டவர் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் ஒதுக்க வேண்டாம். ஆனால் கால் குணமாகும் மாதங்களுக்கு யார் காசு கொடுக்கிறார்கள், குணமான காலை வைத்து அப்புறம் ஆடுவது எந்தக் கிளப் என்று பாருங்கள். இரண்டும் ஒரே கிளப் என்றால் எடுக்கலாம். செலவு உங்களுக்கு, பலன் இன்னொருவருக்கு என்றால் ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற கணக்கைத் தவிர வேறு எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இதற்குக் கொலம்பிய ஸ்ட்ரைக்கர் ஃபால்காவோவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2014 ஜனவரியில் பிரெஞ்சு லீகில் ஆடும் மொனாக்கோவுக்கு ஆடும்போது ஏசிஎல், அதாவது முழங்காலைப் பிடித்து நிறுத்தும் முக்கியமான தசைநார், கிழிந்தது, அந்த வருஷ உலகக் கோப்பையே போனது. செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் அவரை ஒரு பருவத்துக்கு லோனில் எடுத்தது. லீகில் 26 ஆட்டம், 4 கோல். அடுத்த பருவம் செல்சி எடுத்தது: லீகில் 10 ஆட்டம், ஒரே கோல். ஆள் முடிந்துபோனார் என்று எல்லோரும் எழுதினார்கள். 2016-17இல் மொனாக்கோவுக்குத் திரும்பிப்போய் லீகில் 21 கோல் அடித்தார், அந்த வருஷம் மொனாக்கோ பிரெஞ்சு சாம்பியன். அவர் பழைய ஆட்டத்துக்குத் திரும்பப் பிடித்த இரண்டு வருஷத்துக்கு இரண்டு இங்கிலாந்து கிளப்கள் செலவு செய்தன, பலனை எடுத்துக்கொண்டது சொந்தக் கிளப்.

இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் டேனி இங்ஸ் கதை இதற்கு நேர்மாறு. லிவர்பூலில் இருந்தபோது இரண்டு முறை முழங்காலில் பெரிய அடி. 2018இல் சவுத்தாம்ப்டன் லோனில் எடுத்தது, ஆனால் பருவம் முடிந்ததும் நிரந்தரமாக வாங்கியே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. முதல் பருவம் லீகில் 7 கோல்தான். அடுத்த பருவம், 2019-20இல், 22 கோல். பொறுமைக்குக் காசு கொடுத்த அதே கிளப்புக்குத்தான் அந்த 22 கோலும் கிடைத்தது. நம் ஊர் அளவில் பணம் ஆயிரங்களில்தான் இருக்கும், ஆனால் கணக்கு இதேதான்.

சரி, வேலையை ஆரம்பிப்போம்.

1. லோனா, கெஸ்ட்டா என்று தெளிவாக்குங்கள்

நம் பக்கம் இரண்டையும் லோன் என்றே சொல்லிவிடுகிறார்கள். பதிவான ஆட்டக்காரர் என்றால், அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் சிஆர்எஸ் என்ற இணையப் பதிவில் அவர் பெயர் ஒரு கிளப்பின் கீழே இருக்கும். கால்பந்துச் சங்கம் நடத்தும் லீகில் அவரை இறக்க வேண்டுமானால் அந்தக் கிளப், உங்கள் கிளப், ஆட்டக்காரர் மூவரும் ஒப்புக்கொண்டு, மாற்றம் முறைப்படி பதிவாக வேண்டும். ஊர் டோர்னமெண்டில் கெஸ்ட் பிளேயராக இறக்குவது வேறு விஷயம், அங்கே போட்டி நடத்தும் கமிட்டி வைத்ததுதான் சட்டம்: எத்தனை கெஸ்ட், பெயர்ப் பட்டியலை என்றைக்குக் கொடுக்க வேண்டும், நடுவில் ஆளை மாற்றலாமா. காயம் வரக்கூடிய ஆளை எடுக்கிறீர்கள் என்றால் இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். பட்டியலைக் கொடுத்த பிறகு மாற்ற முடியாது என்றால், முதல் நாளே அவன் உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் காலிதான்.

காரைக்காலிலிருந்து யாரையாவது கூப்பிடுகிறீர்கள் என்றால் இன்னும் ஒன்று. நாகப்பட்டினத்திலிருந்து பார்த்தால் பக்கத்து ஊர், ஆனால் அது புதுச்சேரி. அங்கே தனிச் சங்கம், அதனால் பதிவான ஆட்டக்காரர் என்றால் அது வேறு மாநில மாற்றமாகிவிடும். கொஞ்சம் முன்கூட்டியே ஆரம்பியுங்கள்.

ஃபிஃபா 2022 ஜூலையில் கொண்டுவந்த லோன் விதிகளையும் ஒருமுறை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: லோன் எழுத்தில் இருக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் கூடாது, லோனில் வந்தவரை எடுத்த கிளப் இன்னொரு கிளப்புக்கு மறுபடி லோனில் அனுப்பக் கூடாது. இவை நாடு விட்டு நாடு போகும் லோனுக்காக எழுதப்பட்டவை, உள்நாட்டு விதிகளையும் அதே வழியில் கொண்டுவரச் சொல்லிச் சங்கங்களுக்கு 3 வருஷம் கொடுத்தார்கள். நமக்கு இதில் பயன்படுவது கடைசி விதி. போன் செய்தவர் உண்மையிலேயே அந்தப் பையனின் சொந்தக் கிளப்பா, இல்லை அவனை ஏற்கெனவே லோனில் வாங்கி வைத்திருக்கும் இன்னொருவரா என்று கேட்டுவிடுங்கள். இடையில் ஒரு கை இருந்தால் அவனுடைய காயத்தைப் பற்றிய சேதி அங்கேயே நின்றுவிடும்.

2. உங்கள் அணியை முதலில் பாருங்கள்

அந்தப் பையனைப் பற்றி விசாரிப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் உங்களுக்கு எத்தனை ஆட்டம், எந்தெந்தத் தேதி, எந்த மைதானம் என்று எழுதுங்கள். இதை எழுதாமலே ஆள் எடுப்பவர்கள்தான் அதிகம்.

ஏனென்றால் ஆட்டங்களுக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி இருக்கிறது என்பதுதான் காயக்காரரைப் பொறுத்தவரை பெரிய விஷயம். வாரத்துக்கு ஒன்று என்ற லீக் ஆட்டம் வேறு. நம் ஊர் நாக்-அவுட் டோர்னமெண்ட் வேறு, ஜெயித்துக்கொண்டே போனால் தொடர்ந்து நாலு நாள் நாலு ஆட்டம், சில எழுவர் போட்டிகளில் ஒரே நாளில் காலையில் ஒன்று, ராத்திரி லைட் வெளிச்சத்தில் இன்னொன்று. தொடையின் பின்பக்கத் தசை ஏற்கெனவே இரண்டு முறை இழுத்துக்கொண்டவனுக்கு ஒரு முழு ஆட்டத்துக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் ஓய்வு வேண்டும். அவனை லீகுக்கு எடுத்தால் உங்களுக்கு உதவுவான், நாக்-அவுட்டுக்கு எடுத்தால் அரையிறுதிக்கு இருக்க மாட்டான்.

மைதானமும் அப்படித்தான். சித்திரை வைகாசியில் நம் களிமண் தரை காய்ந்து வெடித்துக் கிடக்கும், ஸ்டட் போட்ட பூட்ஸ் இறங்கவே இறங்காது, கணுக்கால் பிசகியவனுக்கும் முழங்காலில் தேய்மானம் உள்ளவனுக்கும் அந்தத் தரை ஆகவே ஆகாது. ஐப்பசி கார்த்திகையில் அதே தரை சேறு, உடம்பு ஒரு பக்கம் திரும்பினாலும் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு நிற்கும், ஏசிஎல் அறுவை செய்தவர்களுக்கு அதுதான் ஆபத்து. பொங்கல் போட்டிகள் ராத்திரியில் நடக்கும்போது மார்கழி, தை பனியில் புல் வழுக்கும், இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில் உள்ள க்ரோயின் தசை அங்கே இழுக்கும். வேளாங்கண்ணி, நாகூர் பக்கம் கடற்கரையை ஒட்டிய மணல் மைதானம் என்றால் முழங்காலுக்கு இதம், ஆனால் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் சீக்கிரம் சோர்ந்துவிடும். அதனால் காயம் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்தக் காயம், எந்த மைதானம், எந்த மாதம் என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், அவசரத்தில் எடுக்காதீர்கள். 2014 ஜனவரி கடைசி நாளில் ஆர்சனல் கிளப் ஸ்வீடன் ஆட்டக்காரர் கிம் ஷெல்ஸ்ட்ரோமை லோனில் எடுக்கப்போய், மருத்துவப் பரிசோதனையில் முதுகெலும்பில் முறிவு இருப்பதைக் கண்டுபிடித்தது. வேறு ஆளைத் தேட நேரமில்லை, சரி என்று எடுத்துக்கொண்டார்கள். மார்ச் கடைசியில்தான் அவர் மைதானத்துக்கே வந்தார், மொத்தம் 4 ஆட்டம். அதில் ஒன்றில், எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் விகனுக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட்டில், தன் பங்குக்குக் கோல் அடித்தார், ஆர்சனல் கடைசியில் கோப்பையையும் வென்றது. அதனால் அந்த முடிவு சரி என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கிளப் இரண்டு மாதம் ஒருவரை உட்காரவைத்துச் சமாளிக்கும். 16 பேர் வைத்திருக்கும் ஊர் கிளப்பால் முடியாது.

3. காயங்களின் வரலாற்றை எழுதி எடுங்கள்

எத்தனை காயம் என்று எண்ணுவதில் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் வேண்டும்: எந்த இடம், எப்படி ஆனது, எத்தனை நாள் வெளியே, திரும்பி வந்து எத்தனை நாள் ஆயிற்று.

இடித்து விழுந்து கை உடைந்தது, எதிராளி மிதித்துக் கால்விரல் போனது, இவற்றை ஒரு பக்கம் வையுங்கள், யாருக்கும் நடக்கும். யாரும் தொடாமல் ஓடும்போதே பிடித்துக்கொண்டது, அதுவும் அதே காலில் அதே இடத்தில் இரண்டாவது முறை என்றால் அங்கே நின்று விசாரியுங்கள். ஒரு காயம் வந்திருந்தால் அதே காயம் திரும்ப வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ 2001 முதல் ஐரோப்பாவின் பெரிய கிளப்களில் எடுத்துவரும் காயக் கணக்கில், 2021-22 பருவத்தில் எல்லாக் காயங்களிலும் 24 சதவீதம் இந்த ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடைப் பின்தசைக் காயம்தான். ஹாம்ஸ்ட்ரிங் காயங்களில் 18 சதவீதம் பழைய காயம் மறுபடி வந்தது, அப்படி வந்ததிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆட்டத்துக்குத் திரும்பிய முதல் 2 மாதத்துக்குள் வந்தது. இதை நன்றாகக் கவனியுங்கள், நமக்கு வரும் லோன் எல்லாமே பெரும்பாலும் அந்த 2 மாதம்தான். சொந்தக் கிளப் ஏன் இப்போது அனுப்புகிறது என்ற கேள்விக்குப் பல சமயம் விடை இங்கேதான் இருக்கும், ஆள் உடைவானா தாங்குவானா என்பதை உங்கள் மைதானத்தில் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஏசிஎல் அறுவை செய்தவர் என்றால் மாதத்தை எண்ணுங்கள். 2016இல் வந்த ஓர் ஆய்வு, அறுவைக்குப் பிறகு 9 மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முழங்கால் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று காட்டியது. 6 மாதத்தில் ஓட ஆரம்பித்துவிட்டான் என்பதற்காக 7ஆம் மாதம் ஸ்ட்ரைக்கராக இறக்குவது அந்தப் பையனுக்குச் செய்யும் துரோகம். அதுவும் நம் பக்கத்தில் பல பையன்கள் அறுவையே செய்யாமல், எண்ணெய்க் கட்டுப் போட்டு வீக்கம் வற்றியதும் சரியாகிவிட்டது என்று இறங்குகிறார்கள். எம்ஆர்ஐ எடுத்தாயா என்று கேட்டால் எக்ஸ்ரே காட்டுவார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், லிகமெண்ட் என்ற தசைநார் தெரியாது.

யாரிடம் கேட்பது? அவனை அனுப்பும் கிளப்பிடம் கடைசியாகக் கேளுங்கள். முதலில் பையனிடமே, தனியாக, டீக்கடையில் உட்கார்ந்து கேளுங்கள். "தம்பி, கடைசியா எப்ப முழு மேட்ச் ஆடுனே?" என்று ஆரம்பியுங்கள், "கால் எப்படி இருக்கு" என்று கேட்டால் "சூப்பரா இருக்குண்ணே" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அவனுக்கு ஆட வேண்டும், காசும் வேண்டும். மறுநாள் காலையில் எழுந்ததும் முட்டி வீங்குகிறதா, படி இறங்கும்போது வலிக்கிறதா, பைக் கிக்கர் எந்தக் காலால் உதைக்கிறான், இப்படிக் கேளுங்கள். கடைசி மூன்று மேட்சுக்கு முன்னால் மாத்திரையோ ஊசியோ போட்டானா என்றும் கேளுங்கள். உண்மையைச் சொன்னால் லோன் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை பொய்தான் வரும், அதனால் "வலி இருந்தாலும் பரவாயில்ல, எத்தனை நிமிஷம் ஆட முடியும்னு மட்டும் சொல்லு, அதுக்குத் தகுந்த மாதிரி வச்சுக்கலாம்" என்று நீங்கள் முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு அவனுடன் ஆடிய ஒருவரிடமும் பழைய கோச்சிடமும் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

4. நேரில் ஆடவைத்துப் பாருங்கள்

வாட்ஸ்ஆப்பில் வரும் கோல் வீடியோ எதற்கும் உதவாது, அது எப்போது எடுத்தது என்றே தெரியாது. ஒரு வாரம் உங்கள் பயிற்சிக்கு வரவையுங்கள், பஸ் காசும் சாப்பாடும் கிளப் செலவு. முதல் நாளை விட மூன்றாம் நாளைப் பாருங்கள். தொடர்ந்து ஆடிய மூன்றாம் நாள் கால் இழுக்கிறதா, வார்ம்-அப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறானா, வலது பக்கம் சட்டென்று வெட்டித் திரும்புபவன் இடது பக்கம் மட்டும் வட்டமடித்துத் திரும்புகிறானா. பயிற்சி ஆட்டத்தில் கடைசி 20 நிமிஷம் பந்தைப் பார்க்காமல் அவனை மட்டும் பாருங்கள்.

மைதானத்திலேயே சில சோதனைகள் செய்யலாம். ஒற்றைக் காலில் முன்னே தாவச் சொல்லி இரண்டு காலுக்கும் தூரத்தை டேப்பால் அளங்கள், அடிபட்ட கால் மற்றக் காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வர வேண்டும் என்பது பிசியோக்கள் வழக்கமாக வைத்திருக்கும் அளவு. மல்லாக்கப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே பந்தை வைத்து அழுத்தச் சொல்லுங்கள், க்ரோயின் பிரச்சினை இருந்தால் முகத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் இவை எல்லாம் சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும், தீர்க்க உதவாது. சந்தேகம் வந்தால் பிசியோவிடமோ எலும்பு மருத்துவரிடமோ கூட்டிப்போங்கள். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பிசியோவுக்குப் பஞ்சமில்லை. ஒருமுறை காட்டும் செலவு, ஓர் ஆட்டத்துக்கு நீங்கள் கொடுக்கப்போகும் பணத்துக்கு மேல் போகாது.

5. காசுக் கணக்கு

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். காயக்காரர் இரண்டு மாதத்துக்கு மொத்தமாக 20,000 ரூபாய் கேட்கிறார், உங்களுக்கு 10 ஆட்டம். பழைய கணக்கைப் பார்த்தால் 10இல் 4 ஆடுவார் என்று தோன்றுகிறது. ஆட்டத்துக்கு 5,000 ஆகிறது. அவ்வளவு திறமை இல்லாத, ஆனால் எப்போதும் வந்து நிற்கும் கும்பகோணத்துப் பையன் 12,000க்கு 9 ஆட்டம் ஆடுவான், ஆட்டத்துக்கு 1,333. கேள்வி இப்போது மாறிவிடுகிறது: அந்த 4 ஆட்டமும் எந்த 4 ஆட்டம் என்று நீங்கள் தீர்மானிக்க முடியுமா? முடியும் என்றால், அரையிறுதிக்கும் இறுதிக்கும் மட்டும் வைத்துக்கொள்ள முடியும் என்றால், 5,000 கூடத் தகும். ஆனால் அடிபடுவது எந்த ஆட்டத்தில் என்று யாராலும் சொல்ல முடியாதபோது அந்த உறுதியும் கிடையாது. 2022இல் லிவர்பூல் ஆர்துர் மெலோவை யுவென்டஸிடமிருந்து ஒரு பருவத்துக்கு லோனில் எடுத்தது, முதல் அணிக்காக அவர் ஆடியது மொத்தம் 13 நிமிஷம், சாம்பியன்ஸ் லீகில் நாப்போலிக்கு எதிராக. அதற்குப் பிறகு தொடையில் காயம், அறுவை.

அதனால் எப்போதும் ஆட்டக் கணக்கில் பேசுங்கள். வந்து தங்குவதற்கு ஒரு சிறு தொகை, இறங்கிய ஆட்டத்துக்கு ஒரு தொகை. ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள்: பத்து நிமிஷம் ஆடினாலும் அந்த ஆட்டத்தின் முழுத் தொகையையும் கொடுத்துவிடுங்கள். நிமிஷத்தை வைத்துக் குறைத்தால் வலியோடு ஓடிக்கொண்டே இருப்பான், கையைத் தூக்கி மாற்றச் சொல்ல மாட்டான்.

6. எழுதி வாங்குங்கள்

கெஸ்ட்டாக இருந்தாலும் ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், குறைந்தபட்சம் இரு கிளப்பும் பையனும் உள்ள வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு மூன்று பேரும் ஒப்புக்கொள்ளட்டும். தேதிகள், தொகை எல்லாம் எல்லோரும் எழுதுவார்கள். விட்டுவிடுவது இவற்றைத்தான்: இறங்கலாமா வேண்டாமா என்று அன்றைக்குச் சொல்வது யார், உங்கள் சட்டையில் அடிபட்டால் ஸ்கேனுக்கும் பிசியோவுக்கும் எதுவரை யார் செலவு, காலம் முடிந்த பிறகும் சிகிச்சை நீண்டால் என்ன, சொந்தக் கிளப் நடுவில் திரும்பக் கூப்பிட முடியுமா, அந்தக் கிளப்போடு நீங்கள் மோதினால் அவன் ஆடலாமா. இறங்குவதைத் தீர்மானிக்கும் உரிமையை முதலில் பையனுக்குக் கொடுங்கள், அவன் வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அவன் சரி என்றாலும் கோச் வேண்டாம் என்று சொல்லலாம்.

விபத்துக் காப்பீடு எடுக்க முடிந்தால் எடுங்கள், பிரீமியம் பெரிய தொகை ஆகாது. ஆனால் விதிவிலக்குகளைப் படியுங்கள், காசு வாங்கி ஆடும் விளையாட்டில் பட்ட அடிக்குப் பணம் தராத பாலிசிகள் உண்டு.

ஆள் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரர், கால் இன்னும் தேற வேண்டும், உங்களுக்குப் பொறுமையும் இருக்கிறது என்றால், சவுத்தாம்ப்டன் செய்தது போல அடுத்த பருவத்தையும் இப்போதே பேசி முடியுங்கள். இந்த வருஷம் அவன் தேறும் காலத்துக்கு நாங்கள் செலவு செய்கிறோம், அடுத்த வருஷமும் எங்களுக்குத்தான் ஆட வேண்டும் என்று சொந்தக் கிளப்பிடம் கேளுங்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அவன் கால் தேறும் என்று அவர்களுக்கு நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம், அந்தக் காலுக்கான செலவை அவர்களே செய்யட்டும்.

7. எடுத்த பிறகு

அவன் இல்லாமலே ஆடக்கூடிய ஒரு அணியை முதலில் தயார் செய்யுங்கள், அவன் வந்தால் கூடுதல் பலம். இதை மாற்றிச் செய்த கிளப்கள் முதல் ஆட்டத்திலேயே கலைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 2018 ஜனவரியில், கீழ் டிவிஷனுக்குத் தரமிறங்காமல் இருக்கப் போராடிக்கொண்டிருந்த இங்கிலாந்து கிளப் வெஸ்ட் ப்ரோம், லிவர்பூலிடமிருந்து டேனியல் ஸ்டர்ரிட்ஜை லோனில் எடுத்தது. மூன்றாவது ஆட்டத்தில், செல்சிக்கு எதிராக, ஆரம்பித்த சில நிமிஷத்திலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். மொத்தம் 6 ஆட்டம், கோல் இல்லை, கிளப் கடைசி இடத்தில் முடித்துத் தரமிறங்கியது. அவர் ஒருவரால்தான் தரமிறங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூழ்கிக்கொண்டிருக்கும் அணியை ஒரு காயக்காரரின் தோளில் ஏற்றினால் இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

நிமிஷத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். முதல் ஆட்டம் 20 நிமிஷம், அடுத்தது 35, தாங்கினால் ஒரு பாதி. ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் முறை இலவசமாகக் கிடைக்கிறது, 20 நிமிஷம்தான், கருவி எதுவும் வேண்டாம், அதைக் காயக்காரருக்கு மட்டுமில்லாமல் அணி முழுவதற்கும் செய்யவையுங்கள். அதிலுள்ள நார்டிக் பயிற்சி, முட்டிபோட்டு நின்று பின்னால் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள மெதுவாக முன்னே சாய்வது, தொடைப் பின்தசைக் காயத்தைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் பையன்கள் மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு உடனே ஷூட்டிங் ஆரம்பிப்பார்கள், அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள்.

ஊசி விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இறுதி ஆட்டத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் வந்திருப்பார்கள், பரிசுத் தொகை கொடுப்பவர் மேடையில் இருப்பார், நோட்டீஸில் அந்தப் பையன் படம் இருக்கும், யாரோ ஒருவர் "ஒரு ஊசி போட்டா ஒரு மணி நேரம் தாங்கும்ல" என்பார். முடியாது என்று சொல்லுங்கள். ஊசி வலியைத்தான் மறைக்கும், கிழிசல் அப்படியே இருக்கும், வலி தெரியாததால் அவன் முழு வேகத்தில் ஓடி அதை இன்னும் பெரிதாக்கிக்கொள்வான். நம் பக்கத்துப் பையன்களில் எத்தனையோ பேர் காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் உடம்பைத் தயார் செய்துகொண்டிருப்பவர்கள், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை வரும் என்று சான்றிதழ் சேர்ப்பவர்கள். அந்தத் தேர்வில் ஓட வேண்டிய காலை ஒரு கோப்பைக்காக நாம் உடைக்கக் கூடாது. அன்றைக்கு மேடையில் யார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அதைத் தாங்கத்தான் உங்களைச் செயலாளராக வைத்திருக்கிறார்கள்.

எல்லா எச்சரிக்கையோடும் எடுத்தால் நன்றாகவும் போகும், அதையும் சொல்ல வேண்டும். ஜாக் வில்ஷர் 2015-16 முழுவதும் ஆர்சனலுக்கு லீகில் 3 ஆட்டம்தான் ஆடியிருந்தார். அடுத்த பருவம் போர்ன்மவுத் லோனில் எடுத்து லீகில் 27 ஆட்டம் ஆடவைத்தது. ஏப்ரலில் டோட்டன்ஹாமுக்கு எதிராகப் பந்துக்குப் போட்டியிட்டபோது கால் எலும்பு முறிந்தது உண்மைதான், ஆனால் 27 ஆட்டம் என்பது அவரை வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் யாரும் எதிர்பார்க்காதது.

8. அடிபட்டால்

உடனே வெளியே எடுங்கள். ஸ்ப்ரே அடித்து மறுபடி அனுப்பாதீர்கள். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்காமல் துணியில் சுற்றி வையுங்கள், இறுக்கமில்லாமல் கட்டி, காலை உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் தேய்ப்பது, உருவுவது, வெந்நீர் ஒத்தடம், எதுவும் வேண்டாம், கட்டுப் போடுகிறவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் மருத்துவர் பார்த்த பிறகுதான். அடிபட்ட நொடியில் "டப்" என்று சத்தம் கேட்டது என்று பையன் சொன்னாலோ, ஓரிரு மணி நேரத்தில் முழங்கால் பந்து போல வீங்கினாலோ ஏசிஎல் என்று நினைத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். கிளப்பிலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும், அவன் வீட்டுக்குப் போன் செய்வதும் நீங்கள்தான், மறுநாள் பேப்பரிலோ ஸ்டேட்டஸிலோ பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது.

லோன் முடிந்து அனுப்பும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தெந்தத் தேதியில் எத்தனை நிமிஷம் ஆடினான், எந்த மைதானம், எங்கே வலி என்று சொன்னான், என்ன சிகிச்சை செய்தீர்கள். ஒரு நகல் சொந்தக் கிளப்புக்கு, இன்னொன்று பையன் கையில். ஸ்கேன் எடுத்திருந்தால் அந்த ஃபிலிமும் ரிப்போர்ட்டும் அவனுக்குத்தான், கிளப் அலமாரியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.